ஆழ்குழாய்த் தண்ணீரும் பித்தளை மெருகும்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே தோட்டத்தில் வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறோம். தேக்கு நிலைக்கதவு, பூஜையறைக் கதவு, இரண்டு குளியலறைகள். எல்லாவற்றுக்கும் பித்தளை நிறம்தான் என்று முடிவு செய்துவிட்டோம். ஈரோட்டில் ஹார்டுவேர் கடைக்காரர் பளபளக்கும் பித்தளை, ஆன்டிக், பி.வி.டி. தங்க நிறம் என்று மூன்று வகை காட்டினார். சுத்தப் பித்தளைதான் நிற்கும் என்கிறார் மாமனார். பிரித்தெடுத்த தொட்டிக்கட்டு வீட்டின் பழைய நாதாங்கியும் குமிழ்களும் பெயின்ட் அப்பிய நிலையில் கைவசம் இருக்கின்றன. எங்களுக்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். வாளியில் வெள்ளையாக உப்புப் படிகிறது. எதை எங்கே வைப்பது?

பதில்: வாளியில் படியும் அந்த வெள்ளை உப்பைக் குறிப்பிட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பித்தளையைச் சீக்கிரம் கறுக்க வைத்துவிடும். கொங்கு நாட்டில் அந்தத் தொல்லை இல்லை. நமக்கு வரும் சேதம் தண்ணீர் வழியாக வருகிறது. கோவையில் உப்புக் குறைந்த சிறுவாணி ஆற்று நீர் வரும் வீட்டில் பல ஆண்டுகள் பளிச்சென்று இருக்கும் குழாயை, ஆழ்குழாய்க் கிணற்று நீர் வரும் வீட்டில் மாட்டினால் விரைவிலேயே புள்ளி புள்ளியாக வெளுத்துவிடும். ஆகவே தண்ணீர் படும் பொருளுக்கு ஒரு முடிவு, கை படும் பொருளுக்கு வேறு முடிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

குளியலறைக்குப் பி.வி.டி. பூச்சையே சொல்வேன். வெற்றிட அறைக்குள் டைட்டானியம் அல்லது சிர்கோனியம் போன்ற உலோகத்தை ஆவியாக்கி, குழாயின் மேல் மிக மெல்லிய, கடினமான படலமாகப் படிய வைக்கும் முறை அது. அந்தப் படலம் பித்தளையைப் போலக் கறுக்காது. மேலே உப்பு படியத்தான் செய்யும். ஆனால் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றினால் போய்விடும். பூச்சே இல்லாத பித்தளைக் குழாயில் இது நடக்காது. படிந்த உப்பைக் கரைக்கப் புளியோ எலுமிச்சையோ வேண்டும். அந்தப் புளிப்பு பட்ட இடம் மட்டும் பளிச்சென்று மாறி, குழாய் முழுவதும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

குழாயின் நிறத்தைவிட அதன் உடல் எதனால் ஆனது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. நல்ல குரோம் குழாய்க்கு உள்ளேயும் பெரும்பாலும் பித்தளைதான் இருக்கிறது. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே தங்க நிறம் ஏற்றிய குழாய்களும் அதே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் பித்தளை என்று நம்பிவிடாதீர்கள், துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் பித்தளை தெளிவாகவே கனக்கும். குழாயைத் திருப்பி, மரை வெட்டிய உட்பகுதியைப் பாருங்கள். அங்கே மஞ்சள் தெரிய வேண்டும். சாம்பல் வெள்ளை தெரிந்தால் வைத்துவிடுங்கள். உடலுக்கு மட்டுமல்லாமல் பூச்சுக்கும் உத்தரவாதம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிலைக்கதவில் உங்கள் மாமனார் சொல்வதே சரி. கைப்பிடி, குமிழ், நாதாங்கி எல்லாம் சுத்தப் பித்தளையாக இருக்கட்டும். ஆனால் கடையில் பளபளக்கும் பித்தளையின் மேல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தெளிவான லேக்கர் பூச்சு இருக்கும். வெயிலும் வியர்வையும் படும் இடத்தில் அது ஒருநாள் உரியும். உரிந்த இடம் கறுத்து, உரியாத இடம் மின்னி, தேமல் விழுந்ததுபோல ஆகிவிடும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் கதவு என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் லேக்கர் அடிக்காத பித்தளையைக் கேட்டு வாங்குங்கள். முதலில் மங்கும், பிறகு தேன் நிறத்துக்கு வரும். கைபடும் இடம் தானாகவே மினுங்கும். எப்போது வேண்டுமானாலும் தேய்த்துப் புதிதாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெரிய பலம்.

அந்தப் பழைய நாதாங்கியையும் குமிழ்களையும் தயவுசெய்து பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கனத்தில் இன்று வாங்குவது எளிதல்ல. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசு குழந்தைகளுக்கு ஆகாது. பெயின்ட் நீக்கும் திரவத்தைத் திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு பூசி, ஊறிய பின் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். பிறகு புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்தால் போதும். மேலும் மெருகு வேண்டுமென்றால், பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் மெருகேற்றும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். சக்கரத்தில் அதிகம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அதிகம் பிடித்தால் பழைய வேலைப்பாட்டின் விளிம்புகள் மழுங்கிவிடும்.

ஆன்டிக் வகை, இரசாயனத்தால் கறுக்க வைத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்து வெளிச்சமாக்கி, மேலே பூச்சு அடித்தது. படுக்கையறைக் கதவு, அலமாரிக் கைப்பிடிகளுக்கு நன்றாக இருக்கும். பித்தளை துலக்கும் பொடி போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தக் கறுப்பே போய்விடும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

பூஜையறைக் கதவின் மணிகளும் குமிழும் பூச்சில்லாத பித்தளையாகவே இருக்கட்டும். விளக்கு தேய்க்கும் நாளில் அவையும் சேர்ந்து துலங்கும். கழற்றித் தேய்க்கும்படி திருகு வைத்து மாட்டச் சொல்லுங்கள். கதவிலேயே வைத்துத் தேய்த்தால் பொடி மரத்தின் செதுக்கல்களில் வெள்ளையாகத் தங்கும்.

கீல்களுக்கு மட்டும் பித்தளை வேண்டாம் என்பேன். கனமான தேக்குக் கதவைத் தாங்க, தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல்களே நம்பகமானவை. கதவு மூடியிருக்கும்போது அவை அதிகம் கண்ணில் படுவதும் இல்லை. பித்தளைப் பொருள்களுக்குப் பித்தளைத் திருகுகளையே ஆசாரியிடம் கொடுங்கள். இரும்புத் திருகு தேக்கில் ஈரம் பட்டால் துருவோடு கரும்புள்ளியும் விழ வைக்கும்.

சுத்தப் பித்தளையையும் பி.வி.டி. தங்க நிறத்தையும் ஒரே பார்வையில் படும்படி வைக்க வேண்டாம். இரண்டின் மஞ்சளும் ஒன்றாக இருப்பதில்லை. கடையின் விளக்கொளியில் முடிவு செய்யாமல் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பிளம்பரிடமும் டைல்ஸ் ஒட்டுபவரிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அதன் ஆவி மூடிய குளியலறைக்குள் நின்றாலே பித்தளை, குரோம், ஸ்டீல் எல்லாவற்றின் பளபளப்பும் கெட்டுவிடும். ஆசிட் கழுவல் முடிந்து, தண்ணீர் விட்டு நன்றாக அலசி, ஜன்னலைத் திறந்து ஓரிரு நாள் காற்றாடவிட்ட பிறகே குழாய்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.