காற்றாடி சுழல்கிறது, கணினி எழவில்லை

கேள்வி: ஆயுத பூஜைக்காக எங்கள் வீட்டுக் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே தூசு தட்டி, வெளியே சந்தனப் பொட்டு வைத்து மறுபடியும் பூட்டினோம். அன்றிலிருந்து பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, காற்றாடியும் சுழல்கிறது. திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று வந்து அணைந்துவிடுகிறது. பழுது பார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். ஆறு வருடப் பழைய கணினி. மகனின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி ஒருவர், காரைக்கால்

பதில்: மகனின் கோப்புகள் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும், அந்த டிஸ்கை வேறொரு கணினியில் இணைத்து அவற்றை எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால், ‘விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கணினி பெரும்பாலும் விண்டோஸைத் தேடிப் போகும் கட்டத்தையே இன்னும் எட்டவில்லை. புதிதாகப் போடுவதால் பழுது தீராது, கோப்புகள்தான் அழியும்.

காற்றாடி சுழல்வதைக் கண்டு கணினி இயங்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்த உடனேயே காற்றாடி சுழலத் தொடங்கிவிடும். அதற்குக் கணினியின் மூளையான பிராசசர் விழித்திருக்க வேண்டியதில்லை. பிராசசர், ரேம் (தற்காலிக நினைவகம்), திரைக்கான சிப் ஆகியவற்றைக் கணினி தானே சரிபார்த்துக்கொள்ளும் ‘போஸ்ட்’ என்ற தொடக்கச் சோதனை தடங்கலின்றி நடந்தால்தான் திரையில் எதுவும் தெரியும். அந்தச் சோதனை முடிந்ததா என்பதை அறிய உங்கள் கீபோர்டே போதும். கணினியை ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து ‘நம் லாக்’ (Num Lock) விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு ஒவ்வோர் அழுத்தலுக்கும் எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் திரைக்கு வரும் கேபிளில்தான் கோளாறு. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில், கேபிளை அந்தக் கார்டில் செருகாமல் மேலே மதர்போர்டில் உள்ள துளையில் செருகிவிடுவது பூஜை முடிந்து திரும்பப் பூட்டும் அவசரத்தில் மிக எளிதாக நடக்கும்.

விளக்கு மாறவே இல்லையென்றால், நான் முதலில் சந்தேகிப்பது ரேமைத்தான். தூசு தட்டும்போது தூரிகையோ துணியோ பட்டு அது ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும், உப்புக் காற்றில் அதன் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்திருந்தாலும், கணினி இப்படித்தான் ஊமையாக நிற்கும். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் வெற்று உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, ரேமின் ஓரத்தில் உள்ள பிடிகளை விலக்கி அதை வெளியே எடுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சிலின் ஈரம் படும். பிறகு, கீழ்விளிம்பில் உள்ள வெட்டு பொருந்தும்படி வைத்து, பிடி ‘டக்’கென்று தானாகப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்துங்கள். நம்மவர்கள் மதர்போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் கையை எடுத்துவிடுகிறார்கள். சற்று அழுத்தமாகவே அழுத்த வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து, துளை மாற்றித் துளை வைத்துப் பாருங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது கணினி தானாக ஓரிரு முறை அணைந்து எழலாம், அவசரப்பட்டு நிறுத்திவிட வேண்டாம்.

அதோடு, பிராசசருக்கு அருகில் நான்கு அல்லது எட்டு முனைகள் கொண்ட ஒரு தனி மின் இணைப்பு வரும். அது கழன்றிருந்தால் காற்றாடி சுழலும், பிராசசருக்கு மின்சாரமே போகாது. ஒரு முறை இந்த இணைப்பு பிராசசரின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கின் நிழலில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் ராத்திரி பதினொரு மணிவரை ரேமையே மாற்றி மாற்றிச் செருகியவன் நான். நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியையும் ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் பொருத்துங்கள்; கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள். ஆனால் மதர்போர்டு மாற்றச் சம்மதிக்கும் முன் இரண்டு சோதனைகளை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பது. மற்றது, மதர்போர்டில் ஒரு சிறு பீப் ஸ்பீக்கரைப் பொருத்தி, ரேமை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்வது. ‘ரேம் இல்லை’ என்று அது விடாமல் பீப் அடித்தால் மதர்போர்டும் பிராசசரும் வேலை செய்கின்றன என்று பொருள். ஒலியே வராவிட்டால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. மதர்போர்டில் உள்ள உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை உப்பியோ பழுப்பு நீர் கசிந்தோ இருந்தால் அவர் சொல்வதை நம்பலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேள்வி: என் கணினியில் நிறுவனச் சின்னம் தோன்றி அப்படியே நின்றுவிடுகிறது. எந்த விசையை அழுத்தினாலும் பதில் இல்லை.
— வாசகர் ஒருவர், தேனி

பதில்: சின்னம் வருவதால் ரேமும் திரையும் பெரும்பாலும் நலமே. பென்டிரைவ், பிரிண்டர் உட்பட எல்லா யுஎஸ்பி இணைப்புகளையும் பிடுங்கிவிட்டு, கீபோர்டைப் பின்பக்கத் துளையில் செருகி ஆன் செய்யுங்கள். அப்போதும் நின்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஹார்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். சின்னத்தைத் தாண்டி ‘டிஸ்க் இல்லை’ என்ற செய்தி வந்தால் நோய் பெரும்பாலும் டிஸ்கில்தான். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல், கோப்புகளை வேறு கணினியில் பிரதி எடுத்த பிறகு மற்றதைப் பாருங்கள்.