ஒரே கீபோர்ட்டில் இரண்டு பேர் விளையாட கோரில்லாஸ் இன்றைக்கும் சரிவருமா?

திருகோணமலையில் வீட்டில் கிடக்கும் பழைய லேப்டொப்பில், இணையம் இல்லாமல் இரண்டு பேர் விளையாட கோரில்லாஸ் என்ற பழைய கணினி விளையாட்டைப் போட்டால் இப்போதும் சுவைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுவைக்கும். ஆனால் முதலில் அதன் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

1991இல் மைக்ரோசொஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டொஸ் 5 உடன், கியூபேசிக் என்ற நிரல் மொழிக்கு மாதிரி நிரலாக வந்தது இது. கட்டடங்களின் மேல் இரண்டு கொரில்லாக்கள். கோணம், வேகம் என இரண்டு எண்களைத் தட்டினால் வாழைப்பழம் பறக்கும்; அது எதிராளியின் கொரில்லாவில் பட வேண்டும். முறை வைத்து எறிவதால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீபோர்ட்டுக்கு அடிபட வேண்டியதில்லை. உப்புக் காற்றில் சில விசைகள் செத்துப்போயிருந்தாலும், ஆட்டம் தொடங்கியபின் எண்களும் என்டரும் இருந்தால் போதும்.

64 பிட் விண்டோஸில் டொஸ் நிரல்கள் ஓடா. பழைய டொஸ் கணினி போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் மென்பொருளை நிறுவி, கியூபேசிக்கையும் கோரில்லா கோப்பையும் ஒரே கோப்புறையில் வைத்து, அதை அதனுள் மவுண்ட் செய்து (ஒரு டிரைவாக இணைத்து) ஓட்டுங்கள். பலர் கைவிடுவது இதற்குப் பிறகுதான்: பழம் ஆமை வேகத்தில் நகரும். நிரல் தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளந்து, அதற்கேற்ப ஒவ்வொரு அசைவுக்கும் இடையில் காத்திருக்கிறது. அந்தக் கணக்கில் கணினி வேகமாக இருந்தால் காத்திருப்பும் நீளும். அதனால் டொஸ்பொக்ஸின் வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள் எண்ணைக் கூட்டாமல் கன்ட்ரோல் எஃப்11 அழுத்திக் குறையுங்கள். அளவிடுவது ஒரே ஒரு தடவைதான் என்பதால், குறைத்தபின் விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: நிரலின் தொடக்கத்தில் ஸ்பீட்கான்ஸ்ட் என்ற மாறிலி 500 என்று இருக்கும். அதைப் பெரிதாக்கினால் ஆட்டம் வேகமாகும். பிறகு ஷிஃப்ட் எஃப்5 அழுத்தி நிரலை ஓட்டுங்கள்.

இனி எறிவது. திரை 640 பிக்சல் அகலம். கொரில்லாக்கள் ஏறக்குறைய 450 பிக்சல் தள்ளி, ஒரே உயரத்தில் நின்றால், 45 பாகைக்கு வேகம் 66 போதும். 60 பாகைக்கு 71, 75 பாகைக்கு 94. உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிய சமன்பாடு. 45 பாகையில் வேகத்தை ஒன்று கூட்டினால் பழம் 13, 14 பிக்சல் தள்ளி விழும். ஒரு கட்டட அகலம் தவறினால் 3 முதல் 5 வரை மாற்றிப் பாருங்கள். கோணத்தையும் வேகத்தையும் ஒன்றாக மாற்றாதீர்கள். எது பிழைத்தது என்று தெரியாமல் போகும்.

காற்றுத்தான் இந்த விளையாட்டின் உயிர். கீழே தெரியும் அம்பின் நீளத்தில் 6 பிக்சலுக்குக் காற்றின் அளவு ஒன்று. அது பழத்தைத் தொடர்ந்து முடுக்குவதால், விலகல் பறக்கும் நேரத்தின் வர்க்கத்தோடு கூடும். டச்பே கடற்கரையில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றடிக்கும்போது உயரத் தூக்கியடித்த பந்து தாழ்வாக அடித்ததைவிட எவ்வளவோ கூடக் கடல் பக்கம் ஒதுங்கும், அதே போலத்தான். காற்று 5 என்றால் 45 பாகை எறி சுமார் 46 பிக்சல் விலகும்; 75 பாகை எறி 171. நடுவில் உயர்ந்த கட்டடம் நின்றால் மேலே தூக்கித்தான் எறிய வேண்டும், அப்போது காற்றுக்கு முழு விலை கொடுக்க வேண்டியிருக்கும். குறிபார்க்கக் கோடு போட்டுக் காட்டும் இன்றைய விளையாட்டுகளில் இந்தக் கணக்கை நம்மிடம் விடுவதில்லை. அதனால்தான் இதை இன்னும் விளையாடச் சொல்கிறேன்.

ஈர்ப்பு கேட்கும் இடத்தில் 9.8க்குப் பதில் 1.6 கொடுத்தால் நிலாவில் எறிவது போலாகும். அதே தூரத்துக்கு 45 பாகையில் வேகம் 27 போதும், ஆனால் பழம் நெடுநேரம் மிதப்பதால் அதே காற்றில் 280 பிக்சல் அளவுக்கு இழுபடும். பழகியவர்களுக்கு இதுதான் நல்ல போட்டி.

குறையும் உண்டு. முன்பு எறிந்த எண்களைத் திரை காட்டாது. பக்கத்தில் கொப்பி வைத்து எழுதுங்கள். காற்று ஒரு சுற்று முழுக்க மாறாது என்பதால் எழுதியது பயன்படும். எதிராளியின் எண்களையும் குறியுங்கள். அவருக்குச் சாதகமான காற்று உங்களுக்குப் பாதகம், ஆகவே அவர் கொடுத்ததைவிடச் சற்றுக் கூட்டித் தொடங்கலாம்.