முட்டுக்கட்டை: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், பெண்டில்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் போன மாதம் இறந்துவிட்டார். கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செப்டம்பரில் இங்கே நடக்கும் ரோடியோவில், அதாவது துள்ளும் காளை, குதிரை மேல் ஏறித் தாக்குப்பிடிக்கும் விளையாட்டில், காளை அடைப்பின் கதவைத் திறந்துவிடும் வேலையை முப்பத்தொரு வருடம் சம்பளமில்லாமல் செய்தார். ஆண்டு விடுமுறை முழுக்க அதற்கே போய்விடுமாம். "நாங்கள் டிஸ்னிலேண்ட் போனதே இல்லை" என்று அவர் மகள் சிரித்துக்கொண்டே சொன்னார். நினைவுக்கூட்டத்தில் என்னை மூன்று நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்.

நான் சைவம். மிருகங்களை வதைக்கும் ஒரு விளையாட்டைப் புகழ மனம் வரவில்லை. அதுவும் இது வெள்ளைக்காரர்களின் வீரவிளையாட்டு, இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? பொதுவாக ஒரு குறளைச் சொல்லிப் பொருளும் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். எந்தக் குறள் பொருத்தமாக இருக்கும்? இன்னொன்று: நம் ஊரில் ஏன் இப்படிப் பலன் எதிர்பாராமல் உழைக்கிறவர்களே இல்லை?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வதை பற்றி இப்போது வேண்டாம். இங்கிலாந்து 1934லேயே ரோடியோவைச் சட்டம் போட்டு முடக்கியது. நம் ஜல்லிக்கட்டு 2014ல் தடைபட்டு, 2017ல் மெரினா நிறைந்து, 2023ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் நிறையப் பேசியாகிவிட்டது. இறந்தவரின் மகள் உங்களிடம் கேட்டது அந்தத் தீர்ப்பை இல்லை.

வெள்ளைக்காரர் விளையாட்டு என்கிறீர்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரின் கதையையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? ரோடியோ என்பதே ஸ்பானியச் சொல். மெக்சிகோவின் மாட்டுக்காரர்களிடமிருந்து வந்த வித்தை அது. உங்கள் ஊர் ரோடியோவான பெண்டில்டன் ரவுண்ட்-அப் தொடங்கியது 1910ல். அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஃப்ளெட்சர் என்ற கறுப்பினத்தவர் குதிரைச் சவாரி இறுதிப் போட்டியில் அரங்கத்தையே எழுந்து நிற்க வைத்தார். முதல் பரிசு வெள்ளைக்காரருக்குப் போயிற்று. கூட்டம் கொதித்தது. அந்த ஊர் ஷெரிஃப் ஃப்ளெட்சரின் தொப்பியை வாங்கித் துண்டு துண்டாக்கி, கூட்டத்தில் விற்று, பணத்தை அவரிடமே கொடுத்தார். 1916ல் அங்கே பட்டம் வென்ற ஜாக்சன் சன்டவுன் ஒரு நெஸ் பெர்ஸ் பழங்குடி, அப்போது அவருக்கு 53 வயது. இன்றும் விழா நாட்களில் பழங்குடிகளின் கூம்புக் கூடாரங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே எழுகின்றன. நீங்கள் காரில் கடந்து போயிருப்பீர்கள்.

சரி, கதவுக்கு வருவோம். ஏனென்றால் உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொரு கதவுக்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1989ல் வயோமிங் மாநிலத்து ஷையன் நகர ரோடியோவில் லேன் ஃப்ராஸ்ட் என்ற இளைஞர் போட்டிக்கு வேண்டிய எட்டு விநாடியும் காளை மேல் தாக்குப்பிடித்துவிட்டு இறங்கியபிறகு, காளை முட்டி இறந்துபோனார். 25 வயது. அவர் பெயர் நிலைத்துவிட்டது. காளைச் சவாரிக்காரர்கள் மார்புக் கவசம் அணிவது அதற்குப் பிறகுதான் பரவியது. நான் யோசித்தது, அன்று அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் இரவு வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பார் என்று. ஷையன் விழாவை நடத்துவது சுமார் 2,500 தொண்டர்கள். வண்டி நிறுத்தத்தில் கொடி ஆட்டுகிறவரிலிருந்து, காலையில் ஊருக்கெல்லாம் இலவசமாகப் பான்கேக் சுட்டுப் போடுகிறவர் வரை. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்த வேலையைக் கவனித்திருக்கிறீர்களா? அடைப்புக்குள் காளை மேல் உட்கார்ந்தவன் கயிற்றைக் கையில் சுற்றி இறுக்கிக்கொள்கிறான். தயார் என்று வாயால் சொல்வதில்லை, தலையை ஒரு தரம் அசைக்கிறான். அவ்வளவுதான் சைகை. அதற்கு ஒரு நொடி முந்தித் திறந்தால் அவன் இன்னும் சரியாக உட்கார்ந்திருக்க மாட்டான். ஒரு நொடி பிந்தினால் காளை உள்ளேயே துள்ளி, அவன் காலைக் கம்பியோடு சேர்த்து நசுக்கும். கதவை இழுத்ததும் அதோடு சேர்ந்தே பின்னால் ஓடி வழி விட வேண்டும். ஆக, ஆயிரக்கணக்கானவர்கள் காளையைப் பார்க்கும்போது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது ஒரு பையனின் மோவாயை. முப்பத்தொரு செப்டம்பர் மோவாய்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

என் அப்பா தேர்ச் சக்கரத்தைப் பார்த்தவர்.

எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடும் நாலு பேரில் அவர் ஒருவர். பிழைப்புக்கு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் திட்டுகிறோமே, அந்தச் சொல் வந்த இடம் இதுதான். தேருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. ஐந்நூறு பேர் வடம் இழுப்பார்கள், இழுக்க மட்டும்தான் தெரியும். இரண்டு சக்கரத்துக்கும் கட்டையை நேராக வைத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வைத்தால் திரும்பும். கட்டையை வைத்த கையைச் சக்கரம் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். 1983ல் கீழவீதி மூலையில் அப்பா எடுக்கவில்லை. மோதிர விரலில் பாதி போயிற்று. "சம்பளம் இல்லாத வேலைக்கு விரலைக் கொடுத்துட்டு வந்து நிக்கிறார்" என்று அம்மா ஒரு வருடம் சொல்லிக்காட்டினாள். அடுத்த பங்குனியில் அவளே அப்பாவின் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்ததையும் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடத்தில் தேரன்று அப்பா சாமியை நிமிர்ந்து பார்த்ததில்லை.

எனக்கு அப்போது அதெல்லாம் வெறும் எரிச்சல். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையும் தேரும் ஒரே நாளில் வந்தன. உள்ளூர் விடுமுறை பொதுத்தேர்வுக்குப் பொருந்தாது. மற்றப் பையன்களின் அப்பாக்கள் பள்ளிக்கூட வாசலில் சோடா பாட்டிலோடு நிற்க, நான் தனியாகப் போனேன். சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தபிறகு அவர் முழங்கை வரை கறுப்பு மையோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "எல்லாக் கணக்கையும் போட்டியாடா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. உங்கள் டிஸ்னிலேண்ட் பெண்ணாவது சிரித்தார்.

இப்போது உங்கள் கடைசி வரி. நம் ஊரில் பலன் எதிர்பாராமல் உழைக்கிறவர்கள் இல்லை! எங்கே தேடினீர்கள்? தேர் ஓடினால் கட்டை போட்டவன் இருக்கிறான். அன்னதானம் நடந்தால் விடிகாலை மூன்று மணிக்கு வெங்காயம் உரித்தவன் இருக்கிறான். வாடிவாசலில் காளையின் மூக்கணாங்கயிறை அறுத்துவிடுகிறவன் இருக்கிறான். நீங்கள் பார்த்ததில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா? ஓரிகனில்கூட ஒருவர் செத்தபிறகு, அவர் மகள் சொல்லித்தான் பார்த்திருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடத்தில் நீங்கள் பக்கத்து வீட்டில் இருந்தது எத்தனை வருடம்? ஒரு செப்டம்பராவது டிக்கெட் வாங்கிப் போனீர்களா?

கொஞ்சம் அதிகமாகக் கத்திவிட்டேன். காரணம் இருக்கிறது. அப்பா இறந்தபோது பிளெக்ஸ் அடிக்கிற பையன் என்ன போடலாம் என்று போனில் கேட்டான். நான்தான் எழுத்தாளன் ஆயிற்றே. "வழக்கமாப் போடுறதையே போட்டுடு தம்பி" என்றேன். அன்புத் தந்தை, பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம். மூன்று பிளெக்ஸ், கீழே பேரன் பேத்திகள் படம், கட்சிக்காரர்கள் பெயர். அப்பாவோடு கட்டை போட்ட ஒரு பெரியவர் தடியை ஊன்றி வந்து எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கட்டை போட்டதை எழுதலியா தம்பி?" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அதனால் குறள் வேண்டாம். எந்தக் குறளும் வேண்டாம். நல்ல மனிதர், கடமை தவறாதவர் என்பதெல்லாம் எந்தப் பிணத்துக்கும் பொருந்தும். அந்த மகளிடம் போய்க் கேளுங்கள். எந்தக் கையால் கதவுக் கயிற்றை இழுப்பார், கையுறை போடுவாரா, ராத்திரி வீட்டுக்கு வந்து முதலில் என்ன சொல்வார், சின்ன வயதில் மகளைச் செம்மறி ஆட்டின் மேல் ஏற்றிவிடும் போட்டிக்குக் கூட்டிப்போனாரா, போயிருந்தால் பின்னாலேயே ஓடினாரா. அதில் கிடைப்பதை அப்படியே சொல்லுங்கள். மூன்று நிமிடம் போதாது. கொஞ்சம் கூடப் பேசினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிந்தால் இன்னொன்றும் விசாரித்து எழுதுங்கள்: இந்தச் செப்டம்பரில் அந்தக் கதவைத் திறக்கப்போவது யார்? எங்கள் ஊரில் அப்பாவுக்குப் பதிலாக முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.