கணக்குப் போடுபவரும் கணக்குக் கொடுப்பவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சந்தைப் பொருளாதாரம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சோவியத் திட்டமிடல் தோற்றது அன்றைக்குக் கணினித்திறன் போதாததால்தான் என்று நினைக்கிறேன். இன்று பெருநிறுவனங்கள் கோடிக்கணக்கான பொருட்களை ஏஐ கொண்டு திட்டமிட்டுக் கிடங்கிலிருந்து வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்கின்றன. அந்த நிறுவனங்களுக்குள்ளே சந்தையே இல்லை. ஒரு நிறுவனத்தால் முடிவது ஒரு நாட்டால் ஏன் முடியாது? சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் ஜாக் மாவே 2016-ல், பெருந்தரவின் துணையால் திட்டமிட்ட பொருளாதாரம் இன்னும் வளரும் என்று பேசினார். இனிமேல் சந்தை எதற்கு?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. உற்பத்திச் சாதனங்களுக்குச் சந்தை இல்லையென்றால் அவற்றுக்கு விலை இல்லை, விலை இல்லையென்றால் இரண்டு வழிகளில் எது சிக்கனம் என்று ஒப்பிடவே முடியாது என்று 1920-ல் ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் வான் மீசெஸ் வாதிட்டார். போலந்துப் பொருளியலாளர் ஆஸ்கார் லாங்கே 1930-களில் அதை மறுத்தார். திட்டக்குழுவே விலையை அறிவிக்கட்டும், சரக்கு தேங்கினால் குறைக்கட்டும், தட்டுப்பாடு வந்தால் ஏற்றட்டும் என்பது அவர் யோசனை. 1965-ல் இறப்பதற்குச் சற்று முன்பு எழுதிய கட்டுரையில் இந்தச் சுற்றுவழியும் வேண்டாம் என்றார்: பொருளாதாரத்தின் சமன்பாடுகளைக் கணினியிடம் கொடுத்தால் ஒரு நொடிக்குள் விடை வந்துவிடும்.

அந்த நொடியை முதலில் சோதித்துப் பார்க்கலாம். இருப்பதைக் கொண்டு எதை எவ்வளவு செய்தால் சிக்கனம் என்று கண்டுபிடிக்கும் நேரியல் திட்டமிடல் கணக்குகளுக்கு 1984-ல் நரேந்திர கர்மார்க்கர் தந்த வழிமுறையில், வேலையின் மேல்வரம்பு மாறிகளின் (கண்டுபிடிக்க வேண்டிய அளவுகளின்) எண்ணிக்கையின் 3.5-ஆம் அடுக்காகப் பெருகும். ஒரு கோடிப் பொருட்கள் என்று வைத்தால் செயல்களின் எண்ணிக்கை சுமார் 3-க்குப் பின் 24 சுழியங்கள் வரும். நொடிக்கு 10-இன் 18-ஆம் அடுக்குச் செயல்கள் செய்யும் இன்றைய மீக்கணினிக்கு அது 36 நாள் வேலை. ஆனால் இன்று இந்த ஊரில் இருக்கும் சிமெண்ட் மூட்டையும் அடுத்த மாதம் வேறொரு ஊரில் தேவைப்படும் சிமெண்ட் மூட்டையும் திட்டத்தில் வெவ்வேறு பொருட்கள். ஆயிரம் ஊர்களைச் சேர்த்ததும் கணக்கு 300 கோடி ஆண்டுகளைத் தாண்டுகிறது. இது மோசமான நிலைக்கான வரம்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்த மூலப்பொருள் எவ்வளவு என்று காட்டும் உண்மையான அட்டவணைகளில் பெரும்பகுதி சுழியம்தான், தோராய விடையும் பல நேரம் போதும், எனவே வேலை வெகுவாகக் குறையும். கணினி வளரும், வழிமுறைகளும் வளரும். அதனால் என் மறுப்பைக் கணினித்திறன்மீது நிறுத்த மாட்டேன்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சமன்பாடுகளுக்குள் போடும் எண்களை யார் தருவது? பொய் சொன்னால் நட்டம் யாருக்கு?

சோவியத் ஆலை மேலாளருக்கு அடுத்த ஆண்டின் இலக்கு, இந்த ஆண்டு அவர் எட்டிய அளவிலிருந்து நிர்ணயமாகும். இலக்கை மிகவும் தாண்டிவிட்டால் அடுத்த ஆண்டு மூச்சு முட்டும். எனவே திறனைக் குறைத்துச் சொன்னார், மூலப்பொருளைக் கூட்டிக் கேட்டார், வந்ததைப் பதுக்கினார். அவர் கெட்டவர் என்பதல்ல, அந்த விதிகளுக்குள் யாரும் அதைத்தான் செய்வார்கள். அந்த அறிக்கைகளை வைத்து ஏஐயின் ஒரு நரம்பு வலைப்பின்னலைப் பயிற்றுவித்தால், அது பொய்யையே மிக நேர்த்தியாகக் கற்றுக்கொள்ளும். சோவியத் கணினி அறிஞர் விக்டர் குளுஷ்கோவ் 1962 முதல் நாடு முழுவதையும் கணினிகளால் இணைக்கும் திட்டத்தை முன்வைத்துப் போராடினார். 1970-ல் கட்சியின் உச்சக்குழுவான பொலிட்பீரோ அதை வெட்டிச் சுருக்கிவிட்டது. அங்கே இயந்திரப் பற்றாக்குறையைவிட, தன் கணக்குப் புத்தகத்தை மற்றவர் கண்ணுக்குத் திறந்துவைக்க எந்த அமைச்சகமும் விரும்பாததே பெரிய தடையாக இருந்தது.

இனி உங்கள் நிறுவன உதாரணம். உள்ளே திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்துக்குள் நுழையும் டீசல் விலை, கூலி, கிடங்கு வாடகை, வட்டி எல்லாம் வெளிச்சந்தையிலிருந்து வருபவை. தவறினால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம், வீட்டின் எதிர்கால விலையை அல்காரிதத்தால் கணித்து, அந்தக் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கி விற்றது. கணிப்பு பிசகியது. 2021-இன் ஒரே காலாண்டில் கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நவம்பரில் தொழிலை மூடுவதாக அறிவித்தது. ஊழியரில் கால்வாசிப் பேர் வேலை இழந்தார்கள், அந்த வலி சிறியதல்ல. ஆனாலும் தவறு ஒரு நிறுவனத்தோடு நின்றது. நாட்டுக்கே ஒரே ஒரு கணிப்பு மாதிரி, ஒரே வாங்குபவர் என்று இருந்திருந்தால், தவறு என்று காட்ட இன்னொரு விலையே இருந்திருக்காது.

மையக் கணக்கு உண்மையாகவே வெற்றிபெற்ற இடம் ஒன்று உண்டு. மின்கட்டமைப்பு. அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் மின்சாரத்தை ஒருங்கிணைக்கும் பி.ஜே.எம். அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மின்நிலையமும் முந்தைய நாளே தன் கேட்புவிலையைத் தருகிறது: எத்தனை மெகாவாட், எந்த அளவுக்கு என்ன விலை, உலையை மூட்ட என்ன செலவு, மூட்டினால் குறைந்தது எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், நிமிடத்துக்கு எவ்வளவு ஏற்றி இறக்கலாம். மையக் கணினி மறுநாளின் 24 மணி நேரத்துக்கும் எவை ஓடும் என்று முடிவு செய்கிறது, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உற்பத்தியைத் திருத்துகிறது. ஒரு கம்பித்தடம் தாங்கும் எல்லையை எட்டியதும் அதன் இருபுறமும் விலை பிரிகிறது. ஒட்டுப்பலகை ஆலைகளின் இயந்திர ஒதுக்கீட்டுக்காக 1939-ல் சோவியத் கணிதவியலாளர் லியோனிட் கந்தரோவிச் கண்டெடுத்த அதே நிழல் விலைதான் இது: ஒரு தட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்கே சொல்லும் விலை. சோவியத் கணிதம் முதலாளித்துவ நாட்டில் இரவுபகலாக வேலை செய்கிறது!

ஏன் இங்கே முடிகிறது? சரக்கு ஒன்றே ஒன்று. மீட்டரில் அளக்கலாம். கணக்குப் பிசகினால் சில நொடிகளில் மின்னோட்டத்தின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அலை என்ற எண்) ஐம்பதிலிருந்தோ அறுபதிலிருந்தோ நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். காலணிக்கு அப்படி ஒரு மீட்டர் கிடையாது. இன்னும் பிறக்காத ஒரு மருந்துக்கோ கருவிக்கோ கற்றுக்கொள்ளப் பழைய தரவும் கிடையாது. யாரோ ஒருவர் தன் பணத்தைப் பணயம் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

மின்சாரத்திலும் பொய் நுழைந்திருக்கிறது. 2000-01 கலிஃபோர்னியா நெருக்கடியில் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் வணிகர்கள் கம்பிகளில் இல்லாத நெரிசலைக் காகிதத்தில் காட்டி, அதைத் தீர்த்ததாகப் பணம் வாங்கினார்கள். கணினி கொடுத்ததை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டது. இதைத் தடுக்க பி.ஜே.எம். வைத்திருக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. நெரிசலான இடத்தில், ஒரு விற்பனையாளரையும் மிகப்பெரிய மற்ற இருவரையும் நீக்கினால் தேவை நிறைவேறாது என்றால், அவர் கேட்கும் விலை கேள்வியின்றி ஏற்கப்படாது. எரிபொருள் முதலிய செலவை ஒட்டிய விலை உச்சவரம்பாகிவிடும். அரசும் விதிமுறையும் செய்ய வேண்டியது இந்த அளவுக்குக் கூர்மையாக இருக்க வேண்டும்.

இதனால் சந்தையைத் தன்போக்கில் விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011-ல் அமேசானில் ஈயின் உயிரியல் பற்றிய ஒரு புத்தகத்தின் விலை 2.3 கோடி டாலரைத் தாண்டியது. ஒரு விற்பனையாளரின் மென்பொருள் போட்டியாளர் விலையை 0.9983-ஆல் பெருக்கியது, மற்றவருடையது 1.27-ஆல் பெருக்கியது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஏற்றிக்கொண்டே போயின. வாங்கும் மனிதர் எவரும் அந்த விலைக்குப் பின்னால் இல்லை. இதைவிட ஆபத்தானது, பார்த்தவுடன் தெரியாத ஏற்றம். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுயமாகக் கற்கும் விலை அல்காரிதங்கள் ஒன்றோடொன்று பேசாமலே, யாரும் சொல்லித்தராமலே, போட்டி விலைக்கு மேலே நிற்கக் கற்றுக்கொண்டன. கூட்டுச்சதி என்றால் கடிதமும் பேச்சும் தேடும் பழைய சட்டத்துக்கு இங்கே பிடிமானமே இல்லை. ஏஐ செய்யும் தொழிலிலேயே போட்டி மெலிவு வேறு: மிக நுண்ணிய சில்லுகளுக்கான இ.யு.வி. (அதீதப் புறஊதா ஒளி) அச்சு இயந்திரங்களைச் செய்வது உலகில் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே நிறுவனம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அரசு ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும், மின்தேவைக் கணிப்புக்கு, வெள்ள எச்சரிக்கைக்கு, வரி ஏய்ப்பைக் கண்டுபிடிப்பதற்கு. விளைவை வெளியாட்கள் அளந்து பார்க்கக்கூடிய வேலைகள் அவை. எந்த ஆலை எழ வேண்டும், எது மூட வேண்டும் என்ற முடிவை ஒரே ஒரு ஏஐ மாதிரியிடம் கொடுக்கக் கூடாது. போட்டியாளர்கள் தங்கள் உள்விலைத் தரவை ஒரே விலை மென்பொருளுக்குள் கொட்டுவதையும் அரசு தடை செய்ய வேண்டும். அங்கேயும் கடைசியில் ஒரே திட்டக்குழுதான் உருவாகிறது, அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.