தலையாட்டுவதற்கு முன் ஒரு வரி

கேள்வி: அலுவலகக் கூட்டமானாலும் நண்பர்கள் வட்டமானாலும், எல்லோரும் ஒன்றைச் சொன்னால் நானும் தலையாட்டிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ‘நான் அப்படி நினைக்கவே இல்லையே’ என்று உறைக்கிறது. எனக்குச் சொந்தப் புத்தியே இல்லையா?

பதில்: இருப்பதால்தானே வீட்டுக்கு வந்ததும் உறைக்கிறது!

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனையைக் கேளுங்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் தவறு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சுற்றியிருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் தப்பான விடையைச் சொன்னபோது (நிஜமாகவே சொல்லிவைத்ததுதான்), ஏறக்குறைய மூன்றில் ஒரு விடை கூட்டத்தோடு போனது. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது வழுக்கினார்கள். ஆனால் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் வழுக்கல் வெகுவாகக் குறைந்தது. விடையைத் தனியாக எழுதித் தரச் சொன்னபோதும் குறைந்தது.

உங்களுக்கான வழி இதிலேயே இருக்கிறது. கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் கருத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அடியில் ஒரு காரணம். மனதில் வைத்துக்கொண்டால் போதாது, நாலு பேர் பேசி முடிப்பதற்குள் நினைவே வளைந்துவிடும். முதல் இரண்டு மூன்று பேருக்குள் பேசிவிடுங்கள். பலமான காரணம் ஒன்றே போதும். மூன்று சொன்னால், அதில் நோஞ்சானைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். ‘நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்’ என்று தொடங்கவே வேண்டாம். மீதியை யாரும் கேட்கமாட்டார்கள்.

துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால், முதல் நாளே தனியாகக் கேளுங்கள். உங்கள் கருத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள்; சொன்னால் அவரும் உங்களுக்குத் தலையாட்டுவார். நண்பர்களிடம் இவ்வளவு ஏற்பாடு நடக்காது. அங்கே ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்பது போதும்.

மனம் மாறுவது குற்றமில்லை. மாறினால் எழுதிய வரியை அடித்துவிட்டு, எந்தப் புதுத் தகவலால் மாறினீர்கள் என்று எழுதுங்கள். எழுத எதுவுமில்லை என்றால், மாற்றியது தகவல் அல்ல, எதிரே இருந்த முகங்கள். எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுவதும் மருந்தல்ல. அப்போதும் உங்கள் விடையைக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது, தலைகீழாக.

எந்தப் படத்துக்குப் போவது, எந்த மேசையில் உட்காருவது என்பதற்கெல்லாம் காகிதத்தை எடுக்காதீர்கள். தாராளமாகத் தலையாட்டலாம்.