பிடித்த உடையைத் தீட்டும் பயிற்சி: ஓவிய ஆசிரியரிடம் சில கேள்விகள்

தலைமுடி, முகம், கை, கால் ஆகியவற்றின் புறக்கோடு மட்டும் உள்ள உருவத்தைக் குழந்தையிடம் கொடுத்து, தனக்குப் பிடித்த உடையை அதற்கு வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லும் பயிற்சி பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை இவை.

கடையில் விற்கும் வண்ணம் தீட்டும் புத்தகம் போதாதா?

கை பழகுவதற்குப் போதும். ஆனால் அதில் சட்டையின் காலர் முதல் பாவாடையின் கொசுவம் வரை எல்லாவற்றையும் வேறொருவர் முன்னதாகவே முடிவு செய்துவிடுவதால், குழந்தைக்கு மிஞ்சுவது நிறம் மட்டுமே.

ஐந்து வயது மகன் சட்டைக்கு இளஞ்சிவப்பு தீட்டுகிறான். அது பெண்பிள்ளை நிறம் என்று தாத்தா கடிந்துகொள்கிறார். என்ன செய்வது?

தீட்ட விடுங்கள். 1918-இல் அமெரிக்காவின் குழந்தை ஆடை வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு ஆண்பிள்ளைகளுக்கும் நீலம் பெண்பிள்ளைகளுக்கும் உரியது என்று எழுதியது. அந்தப் பிரிவினை பின்னாளில் தலைகீழாக மாறியதிலிருந்தே அது இயற்கையில் அமைந்ததன்று என்பது விளங்கும். தாத்தாவிடம் அரக்குக் கரையோ மயில்கழுத்துக் கரையோ போட்ட பட்டு வேட்டி இருந்தால், அதைப் பேரனுக்கு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மகனிடம் "ஏன் இந்த நிறம்?" என்று விசாரிக்காமல், "இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவாய்?" என்று கேட்டுப் பாருங்கள், அவன் தானாகவே நிறையச் சொல்வான்.

முகத்துக்குத் 'தோல் நிறம்' என்று சொல்லி என் மகள் வெளிர் ஆரஞ்சையே எடுக்கிறாள். திருத்தலாமா?

திருத்த வேண்டாம், வேறு நிறங்களையும் அருகில் வையுங்கள். கிரேயான் தயாரிக்கும் அமெரிக்காவின் கிரயோலா நிறுவனமே 'சதை நிறம்' என்ற பெயரை 1962-இல் கைவிட்டுப் பீச் பழத்தின் பெயரைச் சூட்டியது. 2020-இல் தோல் நிறங்களுக்கென்றே 24 கிரேயான்கள் கொண்ட பெட்டியையும் கொண்டுவந்தது. அந்தப் பெட்டி இல்லாவிட்டாலும் குறையில்லை. பழுப்பை மென்மையாகத் தீட்டி, அதன்மேல் சிறிது ஆரஞ்சோ மஞ்சளோ ஏற்றி, தன் முன்கையைத் தாளின் அருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தன் நிறத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

எல்லா உடையும் கறுப்பாகவே தீட்டுகிறான். மனத்தில் ஏதேனும் வருத்தம் இருக்குமோ?

ஒரு படத்தை வைத்து அப்படி முடிவு செய்வது தவறு. கறுப்பு நன்றாக அழுத்திப் பதிவதாலேயே பல குழந்தைகள் அதை விரும்புகிறார்கள். தூக்கம், உணவு, விளையாட்டு ஆகியவற்றிலும் மாற்றம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வகுப்பில் ஒருவர் வரைவதைப் பார்த்து எல்லோரும் அதையே வரைகிறார்கள். எப்படித் தவிர்ப்பது?

தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளைக் கேட்டு வாங்கி, வரைவதற்கு முன் ஆளுக்கொன்றாகக் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். கண்டாங்கிக் கட்டம் கிடைத்தவரும் பூப்போட்ட பருத்தி கிடைத்தவரும் ஒரே உடையை வரைவது அரிது. மதுரைச் சுங்குடியில் முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழுவதை விளக்கிவிட்டு, வெள்ளைக் கிரேயானால் அழுத்திப் புள்ளி வைத்து அதன்மேல் நீர்வண்ணம் பூசச் சொன்னால், மெழுகு நீரை ஏற்காததால் தாளிலும் வெண்புள்ளிகள் தெளிவாக எழும். புள்ளிகளை எங்கே, எத்தனை வைப்பது என்பதை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.