மச்சு அமுங்குகிறது, விட்டம் கறுக்கிறது

வீட்டு மராமத்து: கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: செல்லூர் தச்சு மேஸ்திரி

கேள்வி: தெற்கு மாசி வீதிப் பக்கம் மாமனார் காலத்து வீடு. மச்சில் ஒரு மூலையில் நடந்தால் தரை அமுங்குகிறது. கீழிருந்து பார்த்தால் தேக்கு விட்டம் சுவருக்குள் போகிற இடம் கறுத்திருக்கிறது. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் மறுபடி கறுக்கிறது. மச்சு முழுவதையும் பிரித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். செய்யத்தான் வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, பிரிப்பதை அப்புறம் பார்ப்போம். அந்த மூலையில் பீரோ, அரிசி டிரம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள். அதற்கு நேர் கீழே யாரும் படுக்க வேண்டாம்.

பிறகு ஒரு மெல்லிய திருப்புளியால் கறுத்த இடத்தில் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கு என்றால் ஒரு நூல்கூட இறங்காது, கைதான் வலிக்கும். பொதுக்கென்று உள்ளே போய், மரம் கட்டம் கட்டமாக வெடித்துப் பொடிந்தால் ஈரத்தில் மக்கியிருக்கிறது. சுவரோடு மண் குழல் ஏறியிருந்தால் கரையான். சில வீடுகளில் இரண்டும் கூட்டுக் குடித்தனம்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்க வைக்கும் பூஞ்சை வளராது. அதனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அந்த மூலைக்கு மேலே பின்னாளில் கட்டிய குளியலறை இருக்கிறதா? மழைத்தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறதா? வெளிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் விட்டத்தை மாற்றினால் புது விட்டமும் கறுக்கும்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். பெரியவள் கல்யாணத்துக்கு வீட்டைப் பூசியபோது, சுண்ணாம்பு உதிர்கிறதே என்று சிமென்ட் பூச்சுக்கு மாறினேன். விட்டத்து நுனியைச் சுற்றியிருந்த இடைவெளியையும் கலவை வைத்து இறுக்கி அடைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அவள் மகன் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு ஐப்பசி மழையன்று காரை பெயர்ந்தது. உடைத்துப் பார்த்தால் நுனி ஊறின ரஸ்க் மாதிரி விரலோடு வருகிறது. சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தச்சன் வீட்டிலேயே இந்தக் கூத்து!

நுனி மட்டும்தான் கெட்டிருக்கிறது என்றால் முழுதும் பிரிக்கத் தேவையில்லை. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, கீழே கனமான பலகை போட்டு, இரும்பு ஜாக்கியால் முட்டுக் கொடுப்பார்கள். முட்டு தாங்கினால் போதும். தொய்ந்ததை ஒரேயடியாக நிமிர்த்தப் போனால் மேலே இருக்கிற செங்கல்லும் சுண்ணாம்புத் தளமும் வெடித்துவிடும். மக்கின பகுதியை, நல்ல மரம் தெரிந்த பிறகும் ஓரடி சேர்த்து வெட்டி எடுத்து, விட்டத்தின் இரு பக்கமும் இரும்புச் சேனல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்) வைத்து போல்ட் முடுக்கலாம். சேனலின் நீளத்தையும் கனத்தையும் ஒரு கட்டட எஞ்சினீயர் நேரில் பார்த்துக் கணக்குப் போடட்டும். என்னை மாதிரிக் கைப்பழக்கத்தில் சொல்பவனை நம்பாதீர்கள். சுவருக்குள் சேனலின் நுனி கருங்கல் துண்டின் மேல் உட்காரட்டும். மிச்சமிருக்கும் விட்டங்களின் நுனியைச் சுற்றி ஒரு விரல் சந்து விடச் சொல்லுங்கள். அடைத்தால்தான் வேலை முடிந்தது என்று கொத்தனார் அடம்பிடிப்பார், விடாதீர்கள்.

இன்னொன்று. மாசி வீதிகளில் பல வீடுகளுக்குப் பொதுச்சுவர்தான். அடுத்த வீட்டு விட்டமும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கலாம். உடைக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மச்சு பனஞ்சட்டத்தில் நிற்கிறது. கரையான் வராமலிருக்க ஒர்க்‌ஷாப் வேஸ்ட் ஆயில் அடிக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம் தம்பி. நாற்றம் வீட்டை விட்டுப் போகாது, தீப்பிடித்தாலும் ஆபத்து. பனைக்கு வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு மாதிரி மெத்து. கரையான் முதலில் அங்கேதான் கை வைக்கும். சட்டத்தில் மெத்துப் பகுதி மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உளியால் செதுக்கிவிடலாம். சுவரோரம் அடுக்கியிருக்கும் விறகையும் எடுத்துவிடுங்கள். கரையானுக்கு அதுதான் ஏணி.